டாக்டர் சொன்ன புற்று

விளக்கு வைக்கிற நேரத்தில்தான் அது முதலில் கண்ணில் பட்டது.

பூவாத்தாள் அடுப்படியில் ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். மூன்று வயது மகள் மாதேவி கதவோரம் உட்கார்ந்து கொட்டாங்கச்சியில் மண்ணை அள்ளுவதும் கொட்டுவதுமாக இருந்தாள். சந்தன எண்ணெய் ஃபேக்டரியில் வேலை முடித்து வந்த சென்னிமலை, வெளியே கால் கழுவிவிட்டு, குனிந்து உள்ளே நுழைந்தான். மரத்தூளும் எண்ணெயும் கலந்த வாடை அவன் மேல் எப்போதும் இருக்கும். அந்த வாடையை வைத்தே, முகத்தைத் திருப்பாமல், "அப்பா" என்பாள் மாதேவி. அன்றும் அப்படியே சொன்னாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

மாடத்து விளக்கின் வெளிச்சம் அவள் முகத்தில் சாய்வாக விழுந்தது. வலது கண் எப்போதும்போல் கருகருவென்று இருந்தது. இடது கண்மணிக்குள் மட்டும், பால் ஊற்றி வைத்தது போல, வெள்ளையாக ஏதோ ஒளிர்ந்தது.

சென்னிமலை ஓரடி நகர்ந்தான். வெள்ளை மறைந்தது. பழைய இடத்துக்கே வந்தான். மறுபடியும் இருந்தது. குழந்தை அவனைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு அவளுடையதுதான், ஆனால் அந்த இடது கண் அவளுடையதாகத் தோன்றவில்லை. வேறு ஏதோ ஒன்று அதற்குள் இருந்துகொண்டு தன்னை எட்டிப் பார்ப்பதுபோல் அவனுக்கு இருந்தது.

"ஏம்புள்ள, இங்க வந்து இவ கண்ணைப் பாரு."

பூவாத்தாள் கரண்டியோடு வந்தாள். குழந்தையின் முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். "தூசி கீசி விழுந்திருக்குமுங்க. காலையில தாய்ப்பால் ரெண்டு சொட்டு ஆருகிட்டயாவது வாங்கி விடறேன்" என்றாள்.

 சென்னிமலையின் கண் அடுப்படி மூலைக்குப் போய்விட்டது.

அந்த மூலையில் முன்பு என்ன இருந்தது என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம் அவனுடையது. மழை பொய்த்த ஒரு வருஷத்தில் மைசூருக்கு வந்து ஃபேக்டரி வேலையில் சேர்ந்தான். மகாராஜாவின் பட்டணம் விளக்கும் அகலத் தெருவுமாக ஜொலித்தாலும், கூலிக்காரர்கள் வீடு கட்டிய அந்த ஓரத்துக்கு மின்சாரம் வரவில்லை. அங்கே அவனுக்குக் கிடைத்த துண்டு நிலத்தின் நடுவில், இப்போது அந்த மூலை இருக்கும் இடத்தில், இடுப்பு உயரத்துக்கு ஒரு புற்று இருந்தது. பூவாத்தாள் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்த சமயம். ஒரு மத்தியானம், தெருவில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, கடப்பாரையால் அதை இடித்துத் தள்ளினான். உள்ளே எதுவோ வழுவழுவென்று நகர்ந்தது. என்னவென்று அவன் நின்று பார்க்கவில்லை. அந்த மண் பசை உள்ள மண் என்பதால் அதையே குழைத்துச் சுவர் வைத்தான். அவன் ஊரில் புற்றின் மேல் கால் படாமல் சுற்றிப் போவார்கள். அவன் புற்று மண்ணாலேயே வீடு கட்டி, அதற்குள் தன் பிள்ளையைப் படுக்க வைத்திருந்தான். இதை அவன் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

பத்து நாள் கழித்தும் வெள்ளை போகவில்லை. மாதேவி நிலைப்படியில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தாள், எப்போதும் இடது தோளிலேயே அடி. பூவாத்தாள் பிடிவாதம் பிடித்ததால் இருவரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அங்கே டாக்டர் வைத்யநாதன் குழந்தையை இருட்டறைக்குள் கூட்டிப்போய், நெற்றியில் கட்டிய கண்ணாடியால் விளக்கொளியைத் திருப்பி, நெடுநேரம் பார்த்தார். வெளியே வந்ததும் பெற்றவர்களை உட்காரச் சொன்னார்.

"கண்ணுக்குள்ளே புற்று வளர்ந்திருக்குப்பா. அந்தக் கண்ணை எடுத்துடணும். மத்தக் கண்ணு சுத்தமா இருக்கு. இப்பவே எடுத்தா குழந்தை பிழைச்சுக்கும். தள்ளிப்போட்டா உள்ளே பரவிடும்."

"புத்துங்களா?" என்றான் சென்னிமலை.

"ஆமாம், புற்றுதான். திங்கட்கிழமை கூட்டிண்டு வா. படுக்கை ஏற்பாடு பண்றேன்."

டாக்டர் ஒரு வியாதியின் பெயரைச் சொன்னார். சென்னிமலை காதில் விழுந்தது வேறு. மூன்று வருஷமாக யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்ததை இந்த வெள்ளைக் கோட்டுக்காரர் கண்ணாடி வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். இடித்த புற்று இடம் மாறி, மகளின் கண்ணுக்குள் வளர்கிறது. அதற்குமேல் அவர் சொன்ன ஒரு வார்த்தையும் அவன் மனதில் ஏறவில்லை.

திங்கட்கிழமை அவன் கிளம்பவில்லை. பூவாத்தாள் குழந்தைக்குத் தலைசீவி, மாற்றுத் துணியை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"ஏனுங்க, நேரமாச்சுங்க."

"கண்ணைத் தோண்டினா அது சும்மா இருக்குமா? ஒருக்கா இடிச்சதுக்கே இப்படி வந்திருக்குது" என்று ஆரம்பித்து, கடைசியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். பூவாத்தாள் மூட்டையை மடியில் வைத்தபடி, சுற்றியிருந்த சுவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு சாய்ந்திருந்த சுவரை விட்டு மெதுவாக முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். மூட்டை அவிழ்க்கப்படாமலே பரண் மேல் ஏறியது.

அடுத்த வீட்டு ரங்கம்மா கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிறவள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பாதியைக் கேட்டவள், மீதியைப் பூவாத்தாளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். "ஹுத்தா?" என்று புற்றை அவள் கன்னடத்தில் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "அப்ப இது நோவல்ல தங்கி. நாகம்மா வந்து உக்காந்திருக்கா. பயப்படாதே. பால் வெச்சு வேண்டிக்கோ, அவளே எறங்கிப் போவா."

அந்த வெள்ளிக்கிழமை ரங்கம்மா ஒரு கிண்ணம் பாலைக் கொண்டுவந்து மாதேவியின் முன்னால் வைத்துக் கும்பிட்டாள். குழந்தை கிண்ணத்தை எடுத்துக் குடிக்கப் போனது. ரங்கம்மா அதன் கையைப் பிடித்து விலக்கினாள்.

இப்படித்தான் தொடங்கியது. அடுத்த வாரம் நாலு பேர். அதற்கடுத்த வாரம் வாசலில் செருப்பு விட இடமில்லை. விளக்கு வைக்கிற நேரமாகப் பார்த்து வருவார்கள். கதவோரத்தில் எந்த இடத்தில் உட்கார்ந்தால் அந்த வெள்ளை தெரியும் என்பது தெரு முழுக்கத் தெரிந்துபோயிற்று. அங்கே வரிசையாக வந்து உட்கார்ந்து, பளிச்சென்று தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்து போவார்கள். சில பேருக்கு மாதேவி எதையாவது சொல்வாள். மூன்று வயதுக் குழந்தை என்ன சொல்லும்? "மாடு" என்பாள், "குழி" என்பாள். குழி என்று கேட்டுவிட்டுப் போன ஒருத்தி வீட்டுக் கன்றுக்குட்டி மறுநாள் காலையில் கிணற்று மேட்டுப் பள்ளத்தில் கால் முறிந்து கிடந்தது. அதற்குப் பிறகு மாதேவி இருமினால்கூடத் தெரு காது கொடுத்தது.

மாதேவியோடு விளையாட மட்டும் ஒரு பிள்ளை வரவில்லை. அவள் வாசலில் வந்து நின்றால் பாண்டி ஆடிக்கொண்டிருந்த பெண்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, கல்லைக்கூட எடுக்காமல் வீட்டுக்குள் போய்விடுவார்கள். அவள் அந்தக் கட்டங்களுக்குள் தனியாக நின்று அவர்கள் போட்டுவிட்டுப் போன கல்லை எடுத்துப் பார்ப்பாள். வீட்டுக்குள் எந்நேரமும் புளித்த பாலின் வாடை. சந்தன வாடைக்கும் மேலாக அதுவே வீசிற்று.

விடிந்ததும் குழந்தை தலையைப் பிடித்துக்கொண்டு அழும். சில நாள் வாந்தி எடுக்கும். பூவாத்தாள் இளஞ்சூட்டு வெந்நீரில் துணியை நனைத்துக் கண்ணை ஒற்றி எடுப்பாள். இமை சிவந்து, கண் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. களியை மோரில் கரைத்து, சுண்டுவிரலளவாக ஊட்டுவாள். பாதி வாயில், பாதி வெளியில். தூக்கும்போது எப்போதும் தன் வலது இடுப்பில் வைத்துக்கொள்வாள், எதிரே வருவது குழந்தையின் நல்ல கண்ணுக்குத் தெரியட்டும் என்று. அதை அவள் யோசித்துச் செய்யவில்லை. அவள் உடம்பு அப்படிப் பழகிவிட்டது.

"இன்னொருக்கா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரலாமுங்க" என்று அவள் இரண்டு மூன்று தடவை கேட்டாள். ஒவ்வொரு தடவையும் சென்னிமலை, "இந்த வெள்ளி போகட்டும்" என்றான்.

ஒருநாள் சாயங்காலம் அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது மாதேவி தனியாக உட்கார்ந்திருந்தாள். வலது கையால் முகத்தில் ஒரு பாதியை மூடியிருந்தாள். திறந்திருந்த இடது கண் வெள்ளையாக அவனை நோக்கித் திரும்பியது.

"ஆரும் இல்ல" என்றாள்.

சென்னிமலை கதவைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா இல்ல. நீயும் இல்ல. வூடும் இல்ல." குரலில் அழுகையும் இல்லை, பயமும் இல்லை. ஏதோ எண்ணிச் சொல்வதுபோல் சொன்னாள். அவன் வெளியே போய், இருட்டும்வரை வேலிக்கல்லில் உட்கார்ந்திருந்தான். தன் குடும்பத்துக்கு முடிவு எழுதப்பட்டுவிட்டது என்றே நினைத்தான்.

அந்த மாதக் கடைசியில் லிங்கம்மா என்ற இளம்பெண் வந்தாள். அவள் புருஷன் கோலார்த் தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போய் ஆறு மாதமாகக் கடிதாசி இல்லை. அவள் குழந்தையின் முன்னால் உட்கார்ந்து, "தாயி, என் வீட்டுக்காரர் எங்கே இருக்கார்? வருவாரா?" என்று கேட்டாள்.

மாதேவி வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, வெள்ளைக் கண்ணை அவள் பக்கம் திருப்பினாள். "ஆரும் இல்ல."

லிங்கம்மா அப்படியே தரையில் சரிந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். நாலாம் நாள் அவள் வீட்டில் அவள் வளையலை உடைத்துவிட்டார்கள் என்று ரங்கம்மா வந்து சொன்னாள். சொன்னபோது அவள் குரலில் பயமும் இருந்தது, ஒருவிதப் பெருமையும் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம், லிங்கம்மாவின் புருஷன் தோளில் ஒரு தகரப் பெட்டியோடு நடந்து வந்து சேர்ந்தான். சுரங்கத்தில் கால் அடிபட்டுப் படுத்திருந்தானாம். எழுதப் படிக்கத் தெரியாதவன். நெற்றி வெறுமையாக, கை வெறுமையாக வாசலுக்கு வந்த மனைவியைப் பார்த்து அவன் பெட்டியைக் கீழே வைக்க மறந்து நின்றான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

சென்னிமலை அதைக் கேட்டு ஃபேக்டரியில் பாதி நாளோடு வீட்டுக்கு வந்துவிட்டான். குழந்தையின் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"சாமி, அந்த அக்காகிட்ட ஆரும் இல்லைன்னு ஏஞ்சொன்னே?"

மாதேவி அவனை விசித்திரமாகப் பார்த்தாள். பிறகு கற்றுக்கொடுப்பதுபோல் வலது கண்ணைப் பொத்தினாள். "இப்படி மூடினா நீ இல்ல." கையை எடுத்தாள். "இப்ப இருக்கே." இடது கண்ணைப் பொத்தினாள். "இப்பவும் இருக்கே." மறுபடி வலது கண்ணை மூடினாள். "இப்ப ஆரும் இல்ல. எல்லாம் கருப்பு."

கையை எடுத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"உனக்கு அப்படி இல்லையாப்பா?" என்று கேட்டாள்.

சென்னிமலை தன் வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டான். இடது கண்ணுக்கு மகள் தெரிந்தாள். வீங்கிய இமை, சீவிய தலை, பதிலுக்குக் காத்திருக்கும் முகம், எல்லாம் தெரிந்தது. தனக்கு அந்தக் கண் தெரியவில்லை என்றுதான் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவனும் தெருவும் ஐந்து மாதமாக அதற்குப் பால் வைத்துக் கும்பிட்டார்கள்.

"பூவாத்தா, அந்த மூட்டையை எடு" என்றான். அவள் ஏற்கெனவே பரணுக்குக் கீழே முக்காலியைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வைத்யநாதன் அவர்களைத் திட்டவில்லை. குழந்தையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அன்னிக்கே வந்திருந்தா பிழைச்சுப்பான்னு தைரியமாச் சொல்லியிருப்பேன். இப்போ எடுக்கறேன். வலி குறையும். மத்தது என் கையில இல்லே."

"நீங்க புத்துன்னு சொன்னதுங்க… நான் இடிச்ச புத்துன்னு நெனைச்சுட்டனுங்க" என்றான் சென்னிமலை.

டாக்டருக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "இது உடம்புக்குள்ளேயே தப்பா வளர்ற சதைப்பா. மண்ணுக்கும் பாம்புக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லே. நீ எதை இடிச்சும் இது வரல்லே. அன்னிக்கு நானும் இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கணும், நீயும் கேட்டிருக்கணும்."

கண்ணை எடுத்தார்கள். பூவாத்தாள் பதினெட்டு நாள் கட்டிலுக்குக் கீழே படுத்துக் கிடந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு சென்னிமலை வாசலில் நின்று, பாலோடு வந்தவர்களை ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பினான். மாதேவிக்குத் தலைவலி நின்றது. வயிறார உண்டாள். புருஷன் திரும்பி வந்த லிங்கம்மா, புது வளையல் குலுங்க, தன் அக்காள் மகளைக் கூட்டிவந்து, "இவளோட வெளையாடு" என்று விட்டுவிட்டுப் போனாள். குழி விழும் கன்னத்தோடு, கண் இருந்த இடத்தில் வெள்ளைத் துணிக்கட்டோடு, மாதேவி பாண்டி ஆடினாள், தோற்றாள், கூட ஆடியவளின் முடியைப் பிடித்து இழுத்தாள். பூவாத்தாள் அவளை இரண்டு தட்டுத் தட்டினாள். மற்றப் பிள்ளைகளைப்போல அவளும் அடி வாங்கினாள் என்பதை நினைத்துப் பிறகு அடுப்படியில் சிரித்தாள்.

அப்படி ஏழு மாதம். எட்டாவது மாதம் கட்டுக்குக் கீழே மறுபடி வீங்கியது. அதற்குப் பிறகு அதிக நாள் இல்லை. ஒரு காலையில், களிக்கிண்ணத்தோடு வந்த தாயின் மடியில் தலை வைத்தபடி மாதேவி போய்விட்டாள்.

அவள் போன ஒரு மாதத்தில் தெருக்காரர்கள் பத்துப் பேர் சென்னிமலை வீட்டு வாசலுக்கு வந்தார்கள். நாலு பேர் தலையில் செங்கல். முன்னால் ரங்கம்மா.

"அண்ணா, நாகம்மா கன்னியாப் போயிட்டா. அவளை வெறும் மண்ணுல விடக்கூடாது. உங்க வாசல்லயே சின்னதா ஒரு குடி கட்டறோம், கோயில் மாதிரி. தெருவுக்கே காவல்."

செங்கலைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்தார்கள்.  அந்த மத்தியான வெயிலில் அத்தனை பேரும், குழந்தை வழக்கமாக உட்கார்ந்த கதவோரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அங்கே இன்னும் யாரோ இருப்பதுபோல. சென்னிமலையும் ஒரு கணம் அங்கே திரும்பிப் பார்த்தான். வெறும் தரைதான் இருந்தது.

"கல்லை எடுத்துட்டுப் போங்க" என்றான். குரல் உயரவில்லை. "என்ற புள்ள சாமி இல்லீங்க. அவளுக்கு நோவு. கண்ணு தெரியலைன்னு அவ தெனமும் சொன்னா. நாம குறி சொல்றான்னு கேட்டுட்டு இருந்தோம். நான் பெத்தவன், முதல்ல நாந்தான் தப்பாக் கேட்டேன். டாக்டர் ஒரு சொல்லுச் சொன்னாரு. என்னங்க அதுன்னு திருப்பிக் கேட்டிருந்தா எம்புள்ள இன்னைக்கு இருந்திருப்பா. கூச்சமும் பயமும் கேக்க விடல. உங்க வூட்டுல ஒரு புள்ளைக்கு நோவுன்னா கும்பிடாதீங்க, ஒதுக்கியும் வெக்காதீங்க. தூக்கிட்டு ஓடுங்க. புரியலைன்னா நூறு தரம் கேளுங்க. இதுக்குமேல எனக்குச் சொல்லத் தெரியாதுங்க."

ஒருவர் பின் ஒருவராகக் கல்லைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ரங்கம்மா மட்டும் போகவில்லை. நெடுநேரம் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்ப் பூவாத்தாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சென்னிமலை பெண்கள் பேச்சு என்று வெளியே நகர்ந்தான். ஆனாலும் காதில் விழுந்தது.

"தங்கி, எனக்கு மார்ல ஒரு கட்டி இருக்கு. எட்டு மாசமாச்சு. வலி இல்லே. யார்கிட்டயும் சொல்லலே. ஏதோ பாவம்னு…" 

தன் மகளின் முன்னால் முதல் கிண்ணம் பாலை வைத்த அந்தக் கையைப் பூவாத்தாள் பார்த்தாள். பிறகு அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள்.

"எந்திரிங்க அக்கா. இப்பவே போலாம்."

"இன்னைக்கு அமாவாசை. நாளைக்கு…"

"நாங்களும் அப்படித்தானுங்க ஒவ்வொரு வெள்ளியாத் தள்ளினோம்" என்றாள் பூவாத்தாள். அடுப்பை அணைத்து, புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். சென்னிமலை ஜட்கா வண்டி பார்க்க முன்னால் நடந்தான். பின்னால் தன் மனைவி சொல்வது அவனுக்குக் கேட்டது.

"நம்ம பயம் தீரட்டும்னு நோவு காத்துட்டு இருக்காதுங்க அக்கா. நடங்க."